சாதிக்காத அம்மா

நம் சினிமாவில் களைத்துப்போன அம்மாவுக்கு விடிவுகாலம் வர ஒரே வழிதான். ஏதாவது சாதித்துக் காட்ட வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். தமிழிலும் வந்த 'இங்கிலிஷ் விங்கிலிஷ்' (2012) படத்தில் ஸ்ரீதேவியைப் பெற்ற மகளே மதிப்பதில்லை. நியூயார்க் போய், நாலே வாரத்தில் ஆங்கிலம் கற்று, கல்யாண வீட்டில் பேசிக் காட்டிய பிறகுதான் குடும்பத்துக்குக் கண் திறக்கிறது. '36 வயதினிலே' (2015) ஜோதிகா மொட்டை மாடியில் காய்கறி வளர்த்து ஜனாதிபதி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. 'காற்றின் மொழி'யில் (2018) அதே ஜோதிகா ராத்திரி வேளையில் வானொலியில் பேசி ஊரைக் கவர வேண்டும். மூன்றும் நல்ல படங்கள்தான். ரசித்துத்தான் பார்த்தேன்.

ஆனாலும் ஒரு கேள்வி உறுத்துகிறது. எதையும் சாதிக்காமல், சும்மா களைத்து மட்டும் போன அம்மாவுக்கு என்ன கதி? அவளுக்குக் கைதட்டல் வேண்டாம் சார். ஆறு மணி நேரத் தூக்கம் போதும்.

இந்த அம்மாவை நான் சந்தித்தது ஓர் அமெரிக்கப் படத்தில். ஜேசன் ரைட்மன் இயக்கி, டியாப்லோ கோடி எழுதிய 'டல்லி' (2018). மூன்றாவது பிரசவம் முடிந்த மார்லோவாக சார்லிஸ் தெரோன். அழுகை, பால், டயப்பர். மறுபடி அழுகை, பால், டயப்பர். இதையே துண்டு துண்டாக ஓட்டிக் காட்டுகிறார்கள். சில நிமிஷத்தில் நமக்கே கண் எரிகிறது. கணவன் கெட்டவன் இல்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை. ராத்திரியானால் வீடியோ கேமில் உட்கார்ந்துவிடுகிறான், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்ற இடத்தில்தான் படம் நம் வீட்டுக்குள் நுழைகிறது.

மார்லோவின் பணக்கார அண்ணன், ராத்திரி குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கக் காசு தருகிறான். டல்லி என்ற பெண் வருகிறாள். அப்புறம் நடப்பதைச் சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

குறையும் உண்டு. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு அலுப்பல்ல, நோய். குழந்தை பெற்றவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்னை, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குத் தூக்கம் மட்டும் போதாது, டாக்டரும் வேண்டும். படம் அந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகிறது.

'நமக்குத்தான் தாய் வீடு இருக்கே' என்பீர்கள். வாஸ்தவம். மூணு மாசமோ அஞ்சு மாசமோ பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், குழந்தையைத் தூக்க ஆள். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே கண் விழிப்பது யார்? இன்னொரு அம்மா! வேலை கை மாறியதே தவிர, ஆண் கைக்கு வரவில்லை.

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதையே எண்ணில் சொல்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறாள். செய்யும் ஆண், 88. வேலையே செய்யாத ஆண்கள் இந்தச் சராசரியில் சேர்த்தியில்லை என்பதையும் கவனியுங்கள்.

'உங்களுக்காக நேரம் ஒதுக்குங்கள், தியானம் செய்யுங்கள்' என்று அம்மாக்களுக்குப் புத்தி சொல்லும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான். ஒதுக்க எங்கே நேரம்? அதுவும் அவள் செய்ய வேண்டிய வேலைகளில் இன்னொன்றாகச் சேர்ந்துவிடும்.

'டல்லி'யின் கடைசிக் காட்சியில் மார்லோ சமையலறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வேலை செய்கிறாள். கணவன் வந்து இயர்போனில் ஒன்றை வாங்கித் தன் காதில் செருகிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். பேச்சில்லை, மன்னிப்பில்லை, ஜனாதிபதியும் இல்லை.

உங்கள் வீட்டில் ராத்திரி குழந்தை அழுதால் முதலில் எழுந்திருப்பது யார்? அம்மாவின் சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், கட்டணமில்லை. அழைப்பதைக்கூட அவளே செய்யட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.