எண்ணிக்கை இருக்கிறது, கூடு எங்கே?

'ஸ்டேட் ஆஃப் இண்டியாஸ் பேர்ட்ஸ் 2023' அறிக்கையைப் பற்றி நாளிதழ்களில் வாசித்திருப்பீர்கள். 942 பறவை இனங்கள், 30,000-க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள், 3 கோடிக்கும் அதிகமான பதிவுகள். நீண்டகாலப் போக்கைச் சொல்லப் போதுமான தரவு கிடைத்தவை 338 இனங்கள். அதில் 204 குறைந்திருக்கின்றன, 98 நிலையாக இருக்கின்றன, 36 மட்டும் கூடியிருக்கின்றன. செய்தி இவ்வளவோடு முடிந்துவிட்டது. எனக்கு அறிக்கையின் முடிவுகளைவிட அவற்றுக்கு வந்து சேர்ந்த வழியில்தான் கேள்வி.

முதலில் பாராட்டிவிடுகிறேன். இந்த அளவில் இந்தியாவில் வேறு பறவைக் கணக்கு கிடையாது. சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கானோர் 'ஈபேர்ட்' செயலியில் போட்ட பட்டியல்களை எடுத்து, அதில் உள்ள கோணல்களை முடிந்தவரை நிமிர்த்தி, முறையையும் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன், கண்டபடி வரும் தரவைச் சுத்தம் பண்ணுவது சாதாரண வேலை இல்லை.

இனி அளவுகோலுக்கு வருவோம். ஒரு பறவை கூடியதா குறைந்ததா என்று அறிக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நூறு பட்டியல்களில் எத்தனையில் அந்தப் பறவை இடம்பெற்றது என்று பார்க்கிறது. பறவை பட்டியலில் இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். எத்தனை பறவை என்பது இந்தக் கணக்குக்குள் வராது. இதற்கு நியாயமான காரணம் உண்டு. பத்தா பதினைந்தா என்பதில் ஆளுக்கு ஆள் மாறுவார்கள், இருந்ததா இல்லையா என்பதில் அவ்வளவு தகராறு வராது. மைனாவுக்கும் தவிட்டுக்குருவிக்கும் இது நன்றாகவே வேலை செய்யும்.

கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளிடம்தான் இந்த அளவுகோல் தடுமாறுகிறது. திருநெல்வேலிப் பக்கம் கூந்தங்குளத்தில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் உள்ள மரங்களில்கூடக் கூடு கட்டும். ஆயிரம் கூடு இருந்தாலும் பட்டியலில் ஒரு டிக், ஐம்பது கூடாகச் சுருங்கினாலும் அதே ஒரு டிக். லட்சத்தீவின் பிட்டி இன்னும் மோசமான உதாரணம். ஆள் குடியிருக்காத மணல்திட்டு அது, பரப்பு ஒரு ஹெக்டேர் சொச்சம். ஆலாக்கள் அங்கே முட்டையிடுகின்றன. எப்போதாவது படகில் போகிறவர் போடும் ஒரு பட்டியலை வைத்து அந்தத் திட்டின் கதையைச் சொல்லிவிட முடியுமா?

இதைவிடப் பெரிய சிக்கல், ஆயுள். கடற்பறவைகளும் நாரைகளும் பல வருஷம் வாழ்பவை. ஐந்தாறு வருஷம் ஒரு குஞ்சுகூடத் தேறாவிட்டாலும் கிழடுகள் அதே இடத்துக்கு வந்துகொண்டிருக்கும், பட்டியலில் டிக் விழுந்துகொண்டே இருக்கும். திடீரென்று ஒருநாள் கோடு கீழே இறங்கும்போது காரணம் பல வருஷம் பழையதாகியிருக்கும். ஊர்ப்பெயரில் கழுகு இருப்பதால் மலையில் கழுகு இருக்கிறது என்று சொல்ல முடியாது இல்லையா? கழுகுமலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வடக்கே பிரிட்டனில் கடற்பறவைகளை இரண்டு விதமாக எண்ணுகிறார்கள். 1969-70 தொடங்கி இதுவரை நான்கு முறை கரையோரம் முழுக்கக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நான்காவதன் முடிவும் 2023-இல்தான் வந்தது. அது மொத்த எண்ணிக்கை. அதோடு, தேர்ந்தெடுத்த தீவுகளில் வருஷா வருஷம் கூட்டுக்கு எத்தனை குஞ்சு பறந்தது என்றும் எண்ணுகிறார்கள். ஸ்காட்லாந்தின் கிழக்கே ஐல் ஆஃப் மே அப்படிப்பட்ட ஒரு தீவு. அந்தக் கடலில் கிட்டிவேக் என்ற கடற்காகம் குஞ்சுக்கு ஊட்டுவது சாண்ட் ஈல் என்ற ஒல்லியான சிறு மீனை. மீன்பிடி அதிகமாகி, குஞ்சும் தேறாமல் போனபோது, ஐசிஇஎஸ் என்ற சர்வதேசக் கடலாய்வு அமைப்பின் ஆலோசனையில் ஒரு விதி வந்தது: தொடர்ந்து மூன்று வருஷம் கூட்டுக்குச் சராசரி 0.5 குஞ்சுக்குக் கீழே போனால் மீன்பிடியை மூடு, மூன்று வருஷம் 0.7-க்கு மேலே இருந்தால் திற. 2000-இல் அந்தக் கடற்பகுதி மூடப்பட்டது.

குஞ்சை எண்ணினால் பறவை பிழைத்துவிடும் என்று சொல்ல வரவில்லை. பிரிட்டனில் கிட்டிவேக் இருபது வருஷத்தில் 40 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. ஆனால் எதை மூட வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று முடிவெடுக்க அந்தக் குஞ்சுக் கணக்கு உதவியது. நம் அறிக்கை எச்சரிக்கிறது, ஆனால் எந்தக் கதவை மூட வேண்டும் என்று அதனால் காட்ட முடியவில்லை.

நம்மூர்ப் பறவையையே எடுத்துக்கொள்வோம். பன்னாட்டுப் பட்டியலில் எந்த நிலையில் வைப்பது என்று மறுபரிசீலனை செய்யச் சொல்லி அறிக்கை பரிந்துரைத்த 14 இனங்களில் பனங்காடையும் ஒன்று. கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசலில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்குமே, சிறகை விரித்தால் நீலம் அடிக்குமே, அதுதான். மொட்டைப் பனையின் பொந்தில் முட்டையிடும். அது குறைவது பனை வெட்டுப்பட்டுப் பொந்து இல்லாமல் போனதாலா, மருந்தடித்துப் பூச்சி போனதாலா? முதலாவது என்றால் மொட்டைப் பனையை விட்டுவைக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது என்றால் பருத்திக்காட்டில் பேச வேண்டும். இரண்டு வைத்தியமும் வேறு வேறு. பொந்து எத்தனை, அதில் குஞ்சு தேறியது எத்தனை என்ற கணக்கு இல்லாமல் இதைப் பிரிக்கவே முடியாது.

இவ்வளவு பெரிய நாட்டில் கூடு கூடாக எண்ண ஆள் ஏது என்று கேட்கலாம். எல்லா இடத்திலும் எண்ண வேண்டாம். பிரிட்டனிலும் குஞ்சுக் கணக்கு எல்லாத் தீவிலும் எடுப்பதில்லை. தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை 2011-இலிருந்து வருஷா வருஷம் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள், ஆகவே ஆள் இருக்கிறார்கள். ஈபேர்டிலேயே கூடு, குஞ்சு, இரை ஊட்டல் என்று குறிக்க வசதி உண்டு. நாற்பது ஐம்பது இடங்களைத் தேர்ந்தெடுத்து, அதே ஆட்கள் அதே வாரங்களில் பத்து வருஷம் எண்ணினால் போதும். கூடு இருக்கும் இடத்தைப் பொதுவில் போடக்கூடாது, கிட்டே போய்ப் பறவையைக் கிளப்பக்கூடாது, இந்த இரண்டு கட்டுப்பாடும் கட்டாயம்.

அடுத்த அறிக்கையில் 942 என்பது 950 ஆனால் எனக்குப் பெரிய சந்தோஷம் இல்லை. இருபது இனங்களுக்காவது 'கூட்டுக்கு எத்தனை குஞ்சு' என்று ஒரு பத்தி கூடுதலாக இருந்தால் அதைத்தான் முதலில் திறந்து வாசிப்பேன்.