மோதல் சோதனைத் தேர்ச்சியும் இயல்நிலைப் பரவல் எடுகோளும்

அமெரிக்க ஊர்திப் பாதுகாப்புத் தரவிதி 208இன்படி, முன்மோதல் சோதனையில் நடுத்தர உருவ ஆண் பொம்மையின் தலைக்காய அளவெண் 700ஐத் தாண்டலாகாது. ஒரு கார் 640 பெற்றுத் தேறினால், அடுத்த காரும் தேறுமா என்பதற்கு அவ்வெண்ணில் விடையில்லை. தேர்ச்சி தோல்விகளை மட்டும் எண்ணினால், குறைந்தது 95 விழுக்காடு கார்கள் தேறும் என்பதை 95 விழுக்காட்டு நம்பிக்கையுடன் நிறுவத் தோல்வியற்ற 59 சோதனைகள் தேவை. 59 கார்களை யார் நொறுக்குவர்? ஆகவே சராசரியும் திட்ட விலக்கமும் கொண்டு கணிக்கும் முறை நாடப்படுகிறது. அதன் சிக்கனம் மெய்யே, எடுகோள்தான் வலுவற்றது. இவ்வளவெண் சராசரி முடுக்கத்தின் 2.5ஆம் அடுக்கைச் சார்ந்தது. சிறு வேறுபாடும் அதில் பெருகும், பரவல் வலப்புறம் நீளும். அங்கு இயல்நிலைப் பரவலைப் பொருத்துவோர் வரம்பை வெகுவாக மீறும் கார்களைக் குறைத்தே மதிப்பிடுவர். மடக்கை எடுத்தால் கோட்டம் குறையலாம். மூன்று நான்கு சோதனைகளைக் கொண்டு அதனைச் சரிபார்க்க வழியில்லை.