ஒரு பணிவான முன்மொழிவு: முரண்நகை செயல்படும் விதம்

ஆங்கிலப் பாடங்களில் அணிகள் பெரும்பாலும் பட்டியலாகவே கற்பிக்கப்படுகின்றன. உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, முரண்நகை என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, ஓர் எடுத்துக்காட்டு. பெயரைச் சரியாக எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த அணி படிப்பவரை என்ன செய்கிறது என்ற கேள்வி எழுவதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தரும் படைப்புகளுள் ஒன்று ஜோனதன் சுவிஃப்ட் 1729-இல் தம் பெயரைக் குறிப்பிடாமல் வெளியிட்ட 'ஒரு பணிவான முன்மொழிவு' என்னும் சிறு நூல்.

சுவிஃப்ட் டப்ளின் நகரின் புனித பேட்ரிக் பேராலயத் தலைமைக் குரு. அயர்லாந்து அப்போது பஞ்சத்தில் வாடியது. வெளியூரில் வாழ்ந்த நிலக்கிழார்களுக்குக் குத்தகைப் பணம் போய்க்கொண்டிருந்தது. நூலில் பேசுபவர் சுவிஃப்ட் அல்லர். நாட்டு நலனில் அக்கறை கொண்ட ஒரு கணக்காளர் போன்றவர். ஏழைகளின் குழந்தைகள் 1,20,000 பேர். 20,000 பேரை இனப்பெருக்கத்திற்கு ஒதுக்கலாம். எஞ்சிய 1,00,000 பேரை ஒரு வயதில் செல்வந்தர்களுக்கு உணவாக விற்கலாம் என்கிறார். குரலில் சிறிதும் பதற்றமில்லை. கொடுமை கருத்தில் மட்டுமன்று, அந்த நிதானத்திலும் இருக்கிறது.

இங்கு உருவகமும் உடன் வேலை செய்கிறது. 'ஏழைகளின் இரத்தத்தை உறிஞ்சுகிறார்' என்று நாமும் சொல்கிறோம். சொல்லிச் சொல்லித் தேய்ந்ததால் அதில் இரத்தம் தெரிவதில்லை. நிலக்கிழார்கள் பெற்றோரை ஏற்கெனவே விழுங்கிவிட்டதால் பிள்ளைகளின் மீதும் அவர்களுக்கே முதல் உரிமை என்று சுவிஃப்டின் பேச்சாளர் வாதிடுகிறார். தேய்ந்த உருவகம் நேர்ப்பொருளாகிறது. வழக்கமான சுரண்டல் அதன் உண்மையான உருவத்தில் தெரிகிறது.

முடிவை நெருங்கும்போது, வெளியூர் நிலக்கிழார்களுக்கு வரி விதித்தல், உள்நாட்டுப் பொருள்களையே வாங்குதல் முதலிய வழிகளைப் பற்றி யாரும் தம்மிடம் பேச வேண்டாம் என்கிறார் பேச்சாளர். சுவிஃப்ட் உண்மையில் விரும்பிய தீர்வுகள் இவையே. மறுப்பதுபோல் கூறுதலும் ஓர் அணிதான்.

தமிழில் இதற்கு நெருக்கமானது வஞ்சப்புகழ்ச்சி. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் புகழ்வதுபோல் ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் நன்கு அறியப்பட்டது. ஆனால் அங்கே புலவரின் நோக்கம் கேட்பவருக்கு உடனே எட்டிவிடும். சுவிஃப்ட் படிப்பவரைச் சில பத்திகள் வரை அந்தக் கணக்கோடு உடன்படவைத்து, பிறகே திடுக்கிட வைக்கிறார்.

ஒரு குறையையும் சொல்லலாம். நூல் முழுவதிலும் ஏழைத் தாய் ஒருத்தியும் பேசுவதில்லை. அவர்கள் எண்களாகவே வருகிறார்கள். எனினும், மனிதரை எண்ணாகப் பார்ப்பதே இங்குக் குற்றச்சாட்டு என்பதால், அந்த மௌனமும் நூலின் வாதத்தில் அடங்கியதே. 'இது முரண்நகை' என்று எழுதிவிட்டு நிறுத்தும் மாணவர் இந்தக் குற்றச்சாட்டைக் கேட்காமலே போய்விடுகிறார்.