தோற்கத் தெரிந்த வில்லன்

புதுப் பதிப்பு என்றால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம். என் நாவல் ஒன்று இரண்டாம் முறை அச்சாகப் போகிறது என்று பதிப்பாளர் சொன்னபோது, சந்தோஷத்தில் மூன்று அத்தியாயங்களைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். முதற் பதிப்பைப் படித்திருந்த வாசகர் ஒருவரிடமிருந்து தபால் கார்டு வந்தது. நடை நன்றாயிருக்கிறது, பிழைகள் இல்லை என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில், "கதாநாயகியின் கோபம் எங்கே போயிற்று?" என்று கேட்டிருந்தார். எனக்குப் பதில் எழுதத் தெரியவில்லை.

அந்தப் பயத்தோடுதான் ஒரு விளையாட்டின் புதுப் பதிப்பைப் பற்றி இப்போது எழுத உட்காருகிறேன். நாவல் எழுதுகிறவனுக்கு விளையாட்டுச் சாமானோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்த விளையாட்டு, ஐந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சொல்லும் கதை. கதை என்று ஆன பிறகு என்னையும் ஒரு வார்த்தை பேச விடத்தான் வேண்டும்.

அதன் பெயர் ஹீரோ க்வெஸ்ட். 1989-ல் இங்கிலாந்தில் மில்டன் பிராட்லி நிறுவனமும் கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டார்கள். வடிவமைத்தவர் ஸ்டீபன் பேக்கர். பெட்டிக்குள் பாதாள அரண்மனையின் அறைகளையும் நடைகளையும் வரைந்த அட்டை ஒன்று. 35 சின்னப் பொம்மைகள். மேஜை, அலமாரி, சவப்பெட்டி, சிம்மாசனம் என்று அறைகளை நிரப்பத் தட்டுமுட்டுச் சாமான்கள். நாலு பேர் வீரர்களாக விளையாட வேண்டும்: காட்டு வீரன், குள்ளன், எல்ஃப் என்னும் வனவாசி, மந்திரவாதி. ஐந்தாமவர்தான் வில்லன். இங்கிலாந்தில் அவனுக்கு மோர்கார் என்று பெயர், அமெரிக்காவில் ஸார்கான். எந்த அறையில் எது இருக்கிறது என்கிற வரைபடம் அவரிடம் மட்டுமே இருக்கும். வீரர்கள் கதவைத் திறக்கும்போதுதான் அவர் பொம்மைகளை எடுத்து அறையில் வைப்பார். திறக்காத அறை அட்டையில் வெறுமையாகவே கிடக்கும்.

நான் முதலில் வியந்தது பாத்திரப் படைப்பைக் கண்டுதான். ஒவ்வொரு வீரனுக்கும் இரண்டே எண்கள், உடல் பலம் ஒன்று, மனோபலம் ஒன்று. காட்டு வீரனுக்கு 8, 2. குள்ளனுக்கு 7, 3. வனவாசிக்கு 6, 4. மந்திரவாதிக்கு 4, 6. எல்லாருக்கும் கூட்டினால் பத்துத்தான். ஒருவனுக்குக் கொடுத்ததை இன்னொரு பக்கத்தில் எடுத்துக்கொண்டு விடுகிறார்கள். எங்களில் பல பேர் முந்நூறு பக்கம் எழுதியும் இவ்வளவு தெளிவாக நாலு மனிதர்களைப் பிரித்துக் காட்டுவதில்லை.

1990-களில் விற்பனை நின்றுபோன பிறகு, பழைய பெட்டிகளை அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். புதுப் பதிப்பு வராதா என்று வருஷக்கணக்காக ஏங்கினார்கள். பெயரின் உரிமை அமெரிக்காவில் வேறு நிறுவனத்திடம் போயிருந்தது. 2013-ல் ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்று இணையத்தில் பணம் திரட்டி வெளியிட முயன்றபோது, உரிமைச் சிக்கலால் அந்த வசூல் நிறுத்தப்பட்டது. பிறகு 2020 செப்டம்பரில் ஹாஸ்ப்ரோ நிறுவனமே தன்னுடைய அவலான் ஹில் பெயரில் அறிவித்தது. பத்து லட்சம் டாலர் சேர்ந்தால் வெளியிடுகிறோம் என்றார்கள். முப்பத்தேழு லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. 2021-ல் பெட்டிகள் வந்து சேர்ந்தன.

அந்தப் பதிப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பொம்மைகள் பழையவற்றைவிட அழகு. கேம்ஸ் ஒர்க்ஷாப்பின் உலகத்தைச் சேர்ந்த சில ஜந்துக்களுக்குப் பெயரும் உருவமும் மாறியிருந்தன. பழைய ரசிகர்களில் சிலருக்கு அது வருத்தம். எனக்கு அதில் வருத்தமில்லை. கடலைத் தாண்டும்போதே பெயர் மாறிப் போனவன் இந்த வில்லன். அதனால் அவன் கெட்டதனம் குறைந்துவிடவில்லை. ஒரு தடவைக்கு எத்தனை கட்டம் நகரலாம் என்பதை இரண்டு பகடைகள் தீர்மானிக்கும் பழைய விதியைச் சிலர் மாற்றச் சொல்கிறார்கள். அது இருக்கட்டும் என்பேன். தாயம் விழக் காத்திருந்தவர்களுக்கு அந்தத் தவிப்பின் ருசி தெரியும்.

என் விசாரம் வேறு. புதுப் பதிப்போடு ஒரு கைபேசிச் செயலியையும் இலவசமாகக் கொடுத்தார்கள். வில்லனாக உட்கார ஆள் இல்லாவிட்டால் அந்த வேலையைச் செயலியே பார்த்துக்கொள்ளும். எந்த அறையில் என்ன இருக்கிறது என்று காட்டும், அரக்கர்களை நடத்தும், கணக்கில் தப்புச் செய்யாது.

என் நண்பர் ஒருவர் வீட்டில் இந்தப் பெட்டி இருக்கிறது. பிள்ளை, பெண் இருவர், தங்கை பிள்ளைகள் இரண்டு பேர். இவர்கள் நாலு பேரும் வீரர்கள். நண்பர்தான் ஸார்கான். ஆபீஸில் வாயைத் திறக்காத மனுஷர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைபடத்தைத் தட்டிக்கு மறைவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், "வாங்கோ, வாங்கோ, உங்களுக்காகத்தான் இந்த அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன்" என்பார். அரக்கன் ஒருவன் விழுந்தால், "அடப் பாவிகளா! அவன் பெண்டாட்டிக்கு யார் பதில் சொல்வது?" என்று தலையில் அடித்துக்கொள்வார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும்.

போன வருஷம் அவர் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். குழந்தைகள் விளையாட்டை நிறுத்தவில்லை. செயலியை வைத்துக்கொண்டு ஆடினார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பெட்டி பரணுக்குப் போய்விட்டது. நான் பார்க்கப் போயிருந்தபோது, ஏன் என்று சின்னப் பெண்ணைக் கேட்டேன். செயலி ரொம்பக் கஷ்டப்படுத்துகிறதோ என்று நினைத்தேன்.

"இல்லை மாமா. நாங்க ஜெயிச்சா அதுக்குக் கோபமே வரல்லே" என்றாள்.

எனக்கு அந்தத் தபால் கார்டு ஞாபகம் வந்தது.

இந்த விளையாட்டின் சண்டைப் பகடையைக் கவனித்திருக்கிறேன். ஆறு பக்கத்தில் மூன்று மண்டையோடு, இரண்டு வெள்ளைக் கேடயம், ஒரு கறுப்புக் கேடயம். வீரனுக்கு வெள்ளைக் கேடயம் காவல். அரக்கனுக்குக் கறுப்பு மட்டும். அதாவது, வீரன் தப்பிக்க இரண்டு வழி இருக்கும் இடத்தில் அரக்கனுக்கு ஒரே வழி. வில்லன் பெரும்பாலும் தோற்க வேண்டும் என்று பகடையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் வேண்டுமென்று தோற்கக் கூடாது. முழு மூச்சோடு எதிர்த்து, தோற்ற பிறகு மனசார வருந்த வேண்டும். ஒரு முறை நண்பர் ஜெயித்தே விட்டார்; பையனின் மந்திரவாதி நடையிலேயே செத்துப் போனான். "ஜெயித்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள்?" என்று என்னிடம் கவலையோடு கேட்டார். அந்தக் கவலை செயலிக்கு வராது. நன்றாக எழுதும் நாவலாசிரியனுக்கும் வில்லன் விஷயத்தில் இதே கவலைதான்.

துணை இல்லாதவர்களுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் செயலி ஒரு உபகாரம். அதை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடுத்து ஒரு பதிப்பு வந்தால் பொம்மைகளைக் கூட்ட வேண்டாம் என்பதுதான் என் ஆசை. 2024-ல் அரக்கர்களை அட்டையில் வெட்டி நிறுத்தி, விலை குறைந்த பெட்டி ஒன்று வெளியிட்டார்கள். அதிலும் விளையாடத்தானே செய்கிறார்கள்? அதற்குப் பதில் ஐந்தாமவருக்கென்று நாலு பக்கம் எழுதட்டும். அறையை எப்படி வர்ணிப்பது, எப்போது நெருக்குவது, எப்போது மூச்சு விட விடுவது, தோற்றால் எப்படிப் புலம்புவது - இவ்வளவுதான். பழைய புத்தகத்தின் கடைசியில், நாமே கதை கட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு வெற்று வரைபடம் வைத்திருந்தார்கள். அதையும் பத்துத் தாளாகக் கொடுக்கட்டும்.

நண்பர் வீடு திரும்பிவிட்டார். பேசினால் மூச்சு வாங்குகிறது; உரக்கக் கத்தக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. போன ஞாயிற்றுக்கிழமை பெட்டி பரணிலிருந்து இறங்கியது. அரக்கன் விழுந்தபோது அவர் சத்தமில்லாமல் தலையில் மட்டும் கை வைத்துக்கொண்டார். குழந்தைகளுக்கு அதுவே போதுமாயிருந்தது.