விரல் இழந்தோன் கண்ட ஓசை

"எல்லாம் நன்மைக்கே" என்னும் பழஞ்சொல் நம் மக்கள் நாவில் ஊறிக் கிடக்கின்றது. கூலி குறைந்தாலும் அதனையே சொல்லுகின்றோம். கை ஒடிந்தாலும் அதனையே சொல்லுகின்றோம். இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. மேல்நாட்டு இசையைப் பற்றி எழுதுவோர் பலரும், டோனி அயோமி என்னும் கித்தார்க் கலைஞரைக் குறித்துப் பேசுங்கால் இதே பாட்டைத் தம் மொழியில் பாடுகின்றனர். தொழிற்சாலை இயந்திரம் அவருடைய விரல்களைக் கொண்டதனாலன்றோ ஹெவி மெட்டல் என்னும் கனத்த இசை உலகுக்குக் கிடைத்தது என்று அவர்கள் வியக்கின்றனர். அவ்வியப்பு பொருந்துமா, பொருந்தாதா என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அயோமி 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் பிறந்தவர். இளமையில் அந்நகரின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தார். இரும்புப் பட்டறைகளும் தொழிலாளர் குடியிருப்புக்களும் நெருங்கிய இடம் அது. 1965இல், தம் பதினேழாம் வயதில், உலோகத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையொன்றில் பணிபுரிந்து வந்தார். வேலையை விட்டு இசைக்குழுவொன்றுடன் ஐரோப்பாவுக்குப் புறப்பட இருந்த நிலையில், கடைசி நாள் வேலையில், தமக்குப் பழக்கமில்லாத இயந்திரத்தில் நிறுத்தப்பட்டார். அவ்வியந்திரம் வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகிய இரண்டின் நுனிகளையும் பறித்துக்கொண்டது. அவர் இடக்கைப் பழக்கமுடையவர். ஆகவே தந்தியை மீட்டுவது இடக்கை. கித்தாரின் கழுத்தில் தந்தியை அழுத்திச் சுரம் பிடிப்பது வலக்கை. சுரம் பிடிக்கும் விரல்களே போயின.

இனி வாசித்தல் இயலாது என்று மருத்துவர் கூறினர். அந்நிலையில் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் அவரிடம் ஓர் இசைத்தட்டைக் கொணர்ந்து கேட்கச் செய்தார். அது ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பாருடைய கித்தார் இசை. ஜாங்கோ, ஐரோப்பாவில் தாழ்த்தி ஒதுக்கப்பட்ட ரோமானி நாடோடிக் குலத்தினர். 1928இல் தம் வண்டி தீப்பற்றியதனால் இடக்கையின் இரு விரல்கள் பயனற்றுப் போக, எஞ்சிய விரல்களைக் கொண்டே ஜாஸ் இசையில் தமக்கென ஒரு வழி கண்டவர். வீட்டில் முடங்கிக் கிடந்த இளைஞருக்கு ஆறுதல் மொழி அன்று, சான்று வந்து சேர்ந்தது. "ஒருவன் செய்தான், ஆகவே செய்ய இயலும்" என்பதைக் காட்டிலும் வலிய தருக்கம் வேறு யாது?

அதன் பின்னர் அவர் செய்தவற்றை வரிசையாக நோக்குதல் வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு நீர் அடைத்து விற்கும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிக்குப் பொருந்தும் உறை செய்தார். பிளாஸ்டிக் தந்தியின்மேல் வழுக்கியமையால் அதன்மேல் பழைய தோற்சட்டையொன்றின் தோலை ஒட்டினார். அக்காலத்துக் கித்தார்த் தந்திகள் தடித்தவை. புண்பட்ட விரல் அவற்றைத் தாங்காது. ஆகவே பாஞ்சோ என்னும் கருவிக்குரிய மெல்லிய தந்திகளை வாங்கிப் பூட்டினார். கடையில் கிடையாத பொருளைத் தாமே ஆக்கிக்கொண்டார் என்பது இதன் சாரம்.

இனி அவருடைய கருவிகளைக் காண்போம். 1969இல் பிளாக் சாபத் என்னும் அவர்தம் குழுவின் முதல் இசைத்தட்டுக்கு வாசிக்கப் புகுந்தபோது, அவர் கையிலிருந்தது பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஒலிப்பதிவின் இடையே அதன் ஒலிவாங்கிச் சுருள் பழுதுபட, மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்.ஜி. கித்தாரை எடுத்தார். பின்னர் அதுவே அவருடைய அடையாளமாயிற்று. கித்தாரிலிருந்து எழும் மின்குறி, ரேஞ்ச்மாஸ்டர் என்னும் சிறு பெட்டியின் வழியே ஒலிபெருக்கிக்குச் சென்றது. அப்பெட்டி மேல் ஒலிகளை மிகுவித்து, பெருக்கியின் வால்வுக் குழல்களை அவற்றின் எல்லை கடந்து வேலை வாங்கும். எல்லை கடந்த வால்வு, ஒலியலையின் தலையை மழுக்கிவிடும். அம்மழுக்கத்தினால் எழும் கரகரப்பே ராக் இசையின் கார்வை. அவர் கையாண்ட ஒலிபெருக்கியோ லேனி என்பது. 1967இல் அதே பர்மிங்காமில் தொடங்கப்பெற்ற சிறு தொழில். பிற்காலத்தில் அவருக்குக் கித்தார் செய்தளித்த ஜான் பெர்ச், ஜான் டிக்கின்ஸ் ஆகியோரும் அவ்வட்டாரக் கைவினைஞரே. ஆகவே அந்த ஓசை ஒரு நகரத்துத் தொழிலாளர் பலர் கூடி ஆக்கியது என்றாலும் மிகையன்று.

கரகரப்பு மிகுந்த பெருக்கியில் பல சுரங்களை ஒருங்கே எழுப்பினால் அவை ஒன்றையொன்று கலக்கிக் கூச்சலாகும். சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்தால் அங்ஙனம் ஆகாது. பழந்தமிழர் குரல் என்றும் இளி என்றும் வழங்கிய இவ்விரண்டின் அதிர்வுகள் இரண்டுக்கு மூன்று என்னும் விகிதத்தில் நிற்பவை. மழுங்கிய ஒலியில் இவற்றின் வேறுபாடாகிய ஒன்று என்பதும் ஒரு சுரமாக எழும். அஃது ஆதார சுரத்திற்கு ஒரு ஸ்தாயி கீழே விழும். இரண்டு விரல் பிடித்த இடத்தில் மூன்றாவதாக ஒரு கனத்த குரல் தோன்றுவது இதனாலேயே. அயோமியின் இசை மலைபோல் கனப்பதற்கு இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் தந்தியைத் தளர்த்தியமை. 1971இல் வெளிவந்த "மாஸ்டர் ஆப் ரியாலிட்டி" என்னும் மூன்றாம் இசைத்தட்டில், பல பாடல்களுக்கு வழக்கமான சுருதியினின்றும் மூன்று அரைச்சுரம் இறக்கி வாசித்தார். தந்தியின் சுருதி, அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கணக்கிட்டுப் பார்த்தால், மூன்று அரைச்சுரம் இறங்கும்போது இழுவிசை நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு குறைகின்றது. விரலுக்கு அவ்வளவு சுமை தீர்ந்தது. ஓசைக்கோ ஆழம் கூடிற்று. வேதனையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அழகாகவும் முடிந்தது.

இவ்விடத்தில் இன்னொரு மூடக் கதையையும் களைதல் வேண்டும். பிளாக் சாபத்தின் இசை சாத்தானிடமிருந்து வந்தது என்று பாதிரிமார் சிலரும் பத்திரிகைகள் சிலவும் அலறியதுண்டு. குழுவின் பெயர் 1963இல் வந்த ஒரு பேய்ச் சினிமாவின் பெயர், அவ்வளவே. குழுவின் பெயரையே தாங்கிய முதற் பாடலோ, கீழ்ச் சட்ஜமத்தில் தொடங்கி மேல் சட்ஜமத்துக்கு ஏறிப் பிரதி மத்திமத்தில் இறங்கி நிற்கின்றது. இவ்விடைவெளியைப் பழைய ஐரோப்பிய இசைநூலார் "இசையில் சாத்தான்" என்று பெயரிட்டு வெறுத்தனர். நம் கலியாணி இராகத்திலோ அதே பிரதி மத்திமம் உயிர்ச்சுரமாக நின்று, கேட்போர் உள்ளத்தை உருக்குகின்றது. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் முப்பத்தாறு அச்சுரத்தைக் கொண்டவை. ஒரு நாட்டில் பேயாகவும் மற்றொரு நாட்டில் மங்கலமாகவும் விளங்குவது சுரத்தின் குற்றமா? கேட்பவர் செவியில் ஏற்றிய அச்சத்தின் குற்றமா? வாசகர்களே தீர்ப்பளிக்கலாம்.

இனி முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். விபத்து நேர்ந்தது 1965இல். சுருதியை இறக்கியது 1971இல். இடையில் ஆறு ஆண்டு உழைப்பு கிடக்கின்றது. முதல் இரண்டு இசைத்தட்டுக்களையும் அதே விரல்களைக் கொண்டே பெரும்பாலும் வழக்கமான சுருதியில் வாசித்தார். கரகரத்த ஒலியில் பஞ்சமம் சேர்த்து வாசிப்பதை 1958இல் அமெரிக்காவில் லிங்க் ரே என்பார் செய்தார். 1964இல் இங்கிலாந்தில் கிங்க்ஸ் குழுவினர் செய்தனர். அவர்கள் விரலை எந்த இயந்திரமும் கொள்ளவில்லை. மேலும், விரல் இழந்த தொழிலாளர் உலகில் எண்ணற்றவர். இயந்திரம் அவருள் எவருக்கும் ஓர் ஓசையைப் பரிசளித்ததாக வரலாறு இல்லை. ஆகவே இயந்திரம் தந்தது வலி ஒன்றே. ஓசையைத் தந்தவை ஓர் இசைத்தட்டும், ஒரு பிளாஸ்டிக் புட்டியும், தளரா முயற்சியும் ஆம்.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. காயம் வரப்பிரசாதம் என்று கொண்டாடத் தொடங்கினால், அவ்வியந்திரத்திற்குக் காப்பு ஏன் இல்லை, பழகாத சிறுவனை அதில் நிறுத்தியவர் யார் என்னும் கேள்விகள் வாயடைத்துப் போகும். இரப்பர் உருளையிலும் செம்பனை ஆலையிலும் கைவைத்து வாழும் நம்மவர்க்கு, இந்த வேறுபாடு இலக்கியச் சர்ச்சை மட்டுமன்று. துன்பத்தை வென்றவனைப் புகழ்வது அறிவு. துன்பத்தையே புகழ்வது அடிமைப் புத்தி.

குற்றங் கூறாத மதிப்புரை மதிப்புரையாகாது. அயோமியின் இசையில் குறைகளும் உள. கனத்தையே நம்பியதனால் சில பாடல்கள் ஒரே தடத்தில் உழன்று சலிப்பூட்டுகின்றன. "மாஸ்டர் ஆப் ரியாலிட்டி"யின் முதற் பாடலே கஞ்சாவைப் போற்றுகின்றது. கள்ளினால் குடும்பங்கள் அழிந்ததைக் கண்ட நாம் அதற்குக் கைகொட்ட இயலாது. ஆயின் அதே குழுவினர் 1970இல், ஏழை மக்களைப் போர்க்களத்துக்கு அனுப்பித் தாம் ஒளிந்துகொள்ளும் அதிகாரிகளைச் சாடி "வார் பிக்ஸ்" என்னும் பாட்டை இசைத்தனர். நெல்லையும் பதரையும் பிரித்தறிதல் கேட்பவர் கடன். அவரைப் பின்பற்றுவோர் பலர், அவரினும் கீழே தந்தியைத் தளர்த்திவிட்டுக் கனம் வந்துவிட்டதாக மகிழ்கின்றனர். அவருக்குத் தளர்ந்த தந்தி தேவையினால் வந்தது. இவர்களுக்கோ அது வெறும் நாகரிகம்.

2025ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் தேதி, ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் விளையாட்டரங்கில், தொடக்கத்தில் இருந்த நால்வரும் கூடித் தம் இறுதிக் கச்சேரியை நிகழ்த்தினர். அம்மாதம் 22ஆம் தேதி பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் மறைந்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் இனி வாசிக்க இயலாது என்று கைவிடப்பட்ட அதே வலக்கை, அன்றும் உறையணிந்து தந்தியின்மேல் நின்றது. விதி என்பாருக்கு அக்கை ஒரு விடை. நன்மைக்கே என்பாருக்கும் அதுவே விடை.