நாலாவது அடியிலும் அதே 'கரை'

கவியரங்கப் போட்டியில் தருவைகுளத்துக்காரர் நாலு அடியையும் ஒரே சொல்லில் முடித்ததற்குச் 'சொல் பஞ்சம்' என்று பெயர் வைத்து, மதிப்பெண்ணையும் வெட்டிவிட்டார்கள். கவியரங்கங்களை விடாமல் கேட்கிறவர்கள்கூட அதைத் தடுமாற்றம் என்றே பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மாலை மேடையில் எடுக்கப்பட்ட ஒரே துணிச்சலான முடிவு அதுதான்.

முதல் அடியின் ஈறாக எதிரணி 'கரை' என்ற சொல்லைக் கொடுத்தது. மற்ற மூன்று அடிகளும் அதோடு இயைந்து வர வேண்டும். திரை, நுரை, இரை, தரை என்று பள்ளிப் பிள்ளைகூட அடுக்கிவிடும். கடலோரத்தில் பிறந்தவருக்கா இதில் பஞ்சம்?

பார்க்க வேண்டியது இரண்டாவது அடியை. சொல் தீர்ந்துபோனவர் மூன்றாவது அடிவரை வேறு வேறு சொல்லைப் பிடித்து ஓட்டிவிட்டு, நாலாவதில் வழியில்லாமல் முதல் சொல்லுக்கே திரும்புவார். இவரோ இரண்டாவதிலேயே 'கரை' என்று நிறுத்தி, அரை மூச்சு விட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். இனி இந்தச் சொல்தான் என்று அங்கேயே அறிவித்தாயிற்று. அதன்பிறகு கேட்பவருக்கு முடிவு தெரியும். எந்த வழியாக அங்கே வந்து சேரப்போகிறார் என்பதில்தான் பதற்றம் முழுவதும்.

மூன்றாவது அடியில் எல்லோரும் மடக்கை, அதாவது அதே சொல் வேறு பொருளில் வருவதை, எதிர்பார்த்தார்கள். வேட்டிக் கரை இருக்கிறது, காகம் கரைவது இருக்கிறது. எதைத் தொட்டிருந்தாலும் கைதட்டலும் மதிப்பெண்ணும் நிச்சயம். அவர் தொடவில்லை. முதல் அடியில் படகு விட்டுப் போகும் கரை. இரண்டாவதில் ஆழ்கடலில் கண்ணுக்கு எட்டாத கரை. மூன்றாவதில் வெறும் வெளிச்சமாகத் தெரியும் கரை. நாலாவதில் படகு சேர்ந்துவிடுகிறது, போனவர்களில் ஒருவர் சேரவில்லை. சொல்லும் மாறவில்லை, பொருளும் மாறவில்லை. தூரம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. நடுவில் வேட்டிக்குத் தாவியிருந்தால் அந்த நாலாவது அடி செத்திருக்கும்.

மடக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. சம்பந்தர் திருவியமகம் பாடிய மொழி இது. இதே தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில், தன்னை மட்டம்தட்டக் கொடுத்த ஈற்றடியைச் சிறுவன் பாரதி பதம் பிரித்து, கொடுத்தவர் மேலேயே திருப்பிய கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது ஒரே வீச்சு, விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். ஒரே பொருளில் ஒரே சொல்லை நாலு முறை நிறுத்துவதற்கு வேறு நெஞ்சுரம் வேண்டும். இலக்கணமும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. ஒரு சொல் அதே பொருளில் திரும்ப வருவதைச் சொற்பொருள் பின்வருநிலை என்று அணியாகவே வைக்கிறது தண்டியலங்காரம். 411ஆம் குறளில் 'செல்வம்' ஐந்து முறை வருகிறது. வள்ளுவருக்குமா சொல் பஞ்சம்?

பிறகு இந்த மதிப்பெண் வெட்டு எங்கிருந்து வந்தது? வேறு மரபுகளின் அளவுகோலிலிருந்துதான். உதாரணமாக, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பண்ணைகளையும் குதிரைக்காரர்களையும் பாடும் 'புஷ்' கவிதையில் ஒரு சொல்லை அதே சொல்லோடு இயைப்பதைக் குறையாகக் கருதுவார்கள். அங்கே அது நியாயம். அந்தப் பாட்டின் பாரம் அடியின் கடைசியில் இருக்கிறது. நமக்குப் பாரம் தலைப்பக்கம், மோனையிலும் எதுகையிலும். வினைச்சொல் வாக்கியக் கடைசியில் வரும் மொழியில் நடந்தான், கிடந்தான் என்று விகுதியே இயைபைப் போட்டுக்கொடுத்துவிடும். அந்த இலவசத்துக்குக் கை தட்டுகிறோம், இதற்கு முகம் சுளிக்கிறோம். உருது கஜலில் பெரும்பாலும் ஒவ்வொரு ஈரடியும் ஒரே சொல்லிலோ தொடரிலோ வந்து முடியும். அதற்கு ரதீப் என்றே பெயர். அங்கே யாரும் கவிஞரிடம் அகராதியை நீட்டுவதில்லை.

முனகியது யார் என்று கவனித்தீர்களா? முன்வரிசை நாற்காலிகள். பின்னால் மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்றாவது அடியிலேயே 'கரை'யை அவரோடு சேர்ந்து சொன்னார்கள். அம்பாப் பாட்டு கேட்ட காது அது. கரைவலை இழுக்கும்போது முன்பாட்டுக்காரர் அடியை மாற்றி மாற்றிப் போடுவார், இழுக்கிறவர்கள் ஒரே சொல்லைத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்தச் சொல்லில்தான் எல்லாக் கையும் ஒன்றாக இழுக்கும். அதை மாற்றினால் இழுப்பு கலைந்துபோகும்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் நிற்கும், நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்கள் ஊரில் இருப்பார்கள். அந்த நாள்களில் நடக்கும் கவியரங்க மேடைகளில் இளசுகள் நாலு பேராவது இதைப் போலச் செய்து பார்ப்பார்கள். பாதிப் பேர் இரண்டாவது அடியில் துணிச்சல் போய், நாலாவதில் மட்டும் திருப்பிச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். அவர்களை வைத்து இவரை எடை போட வேண்டாம்.

ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா வருவதற்குள் எதிரணிக்காரர்கள் விழித்துக்கொள்வார்கள். அவருக்கு 'உப்பு' மாதிரி ஒரு சொல்லைக் கொடுத்துச் சிக்கவைக்கப் பார்ப்பார்கள். கொடுக்கட்டும். உப்பளத்தைச் சுற்றி வளர்ந்தவருக்கு அதில் நாலு அடி என்ன, எட்டு அடி இருக்கிறது. என் கணிப்பில் அவர் மூன்று அடிகளை 'உப்பு' என்று முடித்துவிட்டு, நாலாவதில் அந்தச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிடுவார். மணலில் இருப்பவர்கள் சொல்வார்கள். அந்த நாலாவது அடிக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்று நடுவர்கள் இப்போதே உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்வது நல்லது.