'சுல்தானாவின் கனவும்' அறிவியற் புனைகதையும்

1905ஆம் ஆண்டு, சென்னையில் கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கில இதழில், 'சுல்தானாவின் கனவு' என்னும் சிறுகதை வெளியாயிற்று. அதனை இயற்றியவர் வங்க நாட்டு ரொக்கேயா சகாவத் உசேன் அம்மையார். ஆடவர் கோஷாவில் அடங்கியிருக்க மகளிர் ஆளும் நாடொன்றை இக்கதை காட்டுகின்றது. பெண்ணுரிமை இலக்கியம் பற்றி எழுதுவோர் இதனைப் போற்றுவர். 2016இல் வாண்டர்மீர் இணையர் வெளியிட்ட அறிவியற் புனைகதைப் பெருந்தொகுப்பிலும் இஃது இடம்பெற்றது. எனினும், ஆண் பெண் நிலை தலைகீழானதே கதையின் உயிர் என்றும், கருவிகள் அதற்கு இட்ட அணிகளே என்றும் கொள்வார் உளர். அக்கொள்கை பொருந்துமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

அந்நாட்டில் மகளிர்க்கென இரு பல்கலைக்கழகங்கள் உள. ஒன்று, மேகங்களுக்கு மேல் பலூனை நிறுத்திக் குழாய்வழி நீரை ஈர்த்துக்கொள்கின்றது. மற்றொன்று, ஞாயிற்றின் வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கும் கருவியைக் காண்கின்றது. படைவலி பெருக்குவதிலேயே கருத்தூன்றிய ஆடவர் இவற்றை எள்ளி நகையாடுகின்றனர். பின்னர் அண்டை நாட்டு வேந்தன் படையெடுத்து வர, அவர்தம் படை தோற்கின்றது. அப்பொழுது பல்கலைக்கழகத் தலைவி ஒரு நிபந்தனை விதிக்கின்றாள்: மகளிர் வெளிவருமுன் ஆடவர் அந்தப்புரம் புகுதல் வேண்டும். அவ்வாறே அவர் புக, அவள் இரண்டாயிரம் மாணவியரோடு களஞ்சென்று, திரட்டிய வெப்பத்தைப் பகைவர்மேற் செலுத்தி வெல்கின்றாள். உட்புகுந்த ஆடவர் பின்னர் வெளிவந்திலர். கருவியை நீக்கிவிடின் வெற்றியில்லை; வெற்றியில்லையேல் தலைகீழ் மாற்றமும் இல்லை. ஆதலின், இங்கே கருவி அணியன்று. கதையின் காரணமே அது.

வெப்பத்தைச் சேமிக்கும் முறையை ஆசிரியர் விளக்கவில்லையே எனின், 1895இல் வெளிவந்த வெல்சின் 'கால இயந்திரம்' எவ்வாறு இயங்குகின்றது என்பதும் நமக்கு விளங்கியபாடில்லை. அதுபற்றி அந்நூலை யாரும் விலக்கினாரல்லர்.

வங்கத்திலேயே மற்றோர் ஒப்புமை உண்டு. ஜகதீச சந்திர போஸ் 1896இல் எழுதிய கதையொன்றில், கடலிற் கொட்டிய ஒரு புட்டிக் கூந்தல் தைலத்தால் புயல் அடங்குகின்றது. கூந்தல் தைல வணிகர் ஒருவர் அமைத்த பரிசுக்கென எழுந்த கதை அது, சுவையானதே, ஐயமில்லை. அதனை வங்க அறிவியற் புனைகதையின் முன்னோடியாக எண்ணுதல் வழக்கம். எழுதியவர் இயற்பியற் பேராசிரியர் என்பது அதற்குத் துணையாயிற்று. அம்மையாரோ பள்ளி செல்லாது தமையனாரிடம் ஆங்கிலம் கற்றவர். புயலை அடக்கிய தைலத்தை அறிவியல் என ஏற்போர், நாடுகாத்த ஞாயிற்று வெப்பத்தைக் கனவு எனத் தள்ளுதற்கு நியாயம் யாதும் நாம் காணவில்லை.

வெளியான இடமும் இம்மறைவுக்கு ஒரு காரணம் எனலாம். இவ்வகைக் கதைகளுக்கெனவே கெர்ன்ஸ்பேக் அமெரிக்காவில் இதழ் தொடங்கியது 1926இல். அவ்வகை இதழ்களைத் தொடக்கமாகக் கொண்டு வரலாறு எழுதுவோர், அதற்கு 21 ஆண்டுகட்கு முன் சென்னையில் வெளிவந்த மகளிர் இதழொன்றைப் புரட்டிப்பார்க்க வழியில்லை.